ஒரு சொட்டு குடிக்காத வண்டி

மாமனார் மாமியார் இருவரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மாப்பிள்ளைகளுக்கும் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் அந்தத் தெருவுக்கு அவர்கள் இன்றைக்கும் பெரிய மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளைதான். அக்காளைக் கட்டியவர் பெரியவர், தங்கையைக் கட்டியவர் சின்னவர். இரண்டு வீட்டுக் கொல்லைப்புறமும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. நடுவில் ஒரு கம்பிவேலி, வேலியில் என்றைக்குமே ஒழுங்காகச் சாத்தாத ஒரு சின்ன கேட்.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு டிராக்டர். புதுசு வாங்க இருவருக்குமே வக்கில்லாத காலத்தில், யாரோ ஓட்டிச் சலித்த சிவப்பு வண்டி ஒன்றை ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினார்கள். ஒரு வாரம் பெரியவருக்கு, மறு வாரம் சின்னவருக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வாரம் முடிந்தவர் வண்டியைக் கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, சாவியை கேட் தூணில் அடித்திருந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். அவ்வளவுதான் ஒப்பந்தம். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. சகலைகள் கூட்டாக வாங்கிய வண்டி ஒரு அறுவடைகூடத் தாங்காது என்று வாய்க்கு ருசியாகப் பேசியவர்கள் உண்டு. அவர்கள் வாயில் மண்ணைப் போட்டுவிட்டு வண்டி பல வருஷம் ஓடியது.

பெரியவருக்கு ரிப்பேர் என்றால் உயிர். காலையில் எழுந்ததும் எதில் கை வைக்கலாம் என்று வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவருவார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மின்விசிறியை நிமிர்ந்து பார்த்து, "சத்தம் ஒரு மாதிரி வருதே" என்பார். அத்தோடு அந்த மின்விசிறியின் நிம்மதி போயிற்று. குழாய்க்கு வாஷர் மாற்றினால்கூடத் தெருவுக்கே கேட்கும்படிதான் மாற்றுவார். ஆனால் நியாயத்தைச் சொல்லவேண்டும். கை வைத்த சாமானைச் சரிசெய்யாமல் விட்டதில்லை. சின்னவர் வீட்டுத் தாழ்ப்பாள், குழாய், மோட்டார் எல்லாமே அவர் கை பட்டவைதான். கூப்பிடாமலே வந்து செய்வார். செய்துவிட்டு ஒரு மாசத்துக்குச் சொல்லிக்காட்டுவார், அதுவும் உண்மை.

சின்னவர் நேர்மாறு. அவர் ஸ்பேனரைப் பிடிக்கிற அழகைப் பார்த்தால், பிள்ளை தூக்கிப் பழகாதவன் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு விழிக்கிற மாதிரி இருக்கும். பேச்சும் குறைவு. ஒன்று கேட்டால் பதில் வருவதற்குள் டீ ஆறிவிடும்.

"நட்டு எது, போல்ட்டு எதுன்னு நம்ம சின்னவரைக் கேட்டுப் பாருங்க. யோசிச்சுச் சொல்றேம்பார்" என்று பெரியவர் நாலு பேர் இருக்கும்போது கேலி பேசுவார். சின்னவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

பெரியவருக்கு இருந்த பெருமைகளிலேயே தலையாய பெருமை ஒன்று உண்டு. அவர் வண்டி ஆயில் குடிக்காது. அந்த வயசு இன்ஜின்களெல்லாம் ஆயிலைத் தண்ணீர் மாதிரி குடிக்கும், ஊற்றி மாளாது. இது குடிக்காது. தன்னுடைய வாரம் தொடங்குகிற திங்கட்கிழமைக் காலையில் மூடியைத் தூக்கி, ஆயில் மட்டம் பார்க்கிற கம்பியை உருவிப் பார்ப்பார். அதில் இரண்டு கோடு உண்டு. ஆயில் மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கம்பியைத் துடைத்து மறுபடி விட்டு எடுப்பார். அதே மேல்கோடு. எப்போதாவது மெக்கானிக் வந்து பழைய ஆயிலை இறக்கிப் புதுசு நிரப்புவதோடு சரி, நடுவில் அவர் ஒரு சொட்டு சேர்த்ததே கிடையாது.

"எல்லாம் கை ராசி" என்பார். "யார் உட்கார்ந்து ஓட்டுறாங்கன்னு இன்ஜினுக்குத் தெரியும்."

அந்தப் பேச்சுதான் வினையானது. தெருமுனையில் வெல்டர் கடை. அந்த வெல்டருக்கு 'ரேடியோ' என்று பெயர். காலையில் அவர் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் எல்லார் வீட்டுச் சமையலறைக்கும் போய்விடும். டிராக்டரோடு சேர்த்து வாங்கிய டிரெய்லரின் கொக்கி விரிந்துவிட்டது என்று ஒருநாள் சகலைகள் இருவரும் அங்கே போயிருந்தார்கள். கடையில் காத்திருந்தவர்களில் ஒருவர், "பழசானாலும் வண்டி நல்லா இருக்கேங்க" என்று சொல்லிவிட்டார். பெரியவருக்கு அது போதாதா.

"என் வண்டிங்க இது. ஒரு சொட்டு ஆயில் குடிக்காது. நான் பார்த்துக்கறதால ஓடுது. சின்னவர் கையில மட்டும் இருந்திருந்தா, எப்பவோ எடைக்குப் போட்டிருப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். சின்னவரும் சிரித்தார். கொஞ்சம் தாமதமாகத்தான் சிரித்தார். ஆனால் அவர் எதையுமே தாமதமாகச் செய்கிறவர் என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரியவர் சாவியை எடுக்கப் போனபோது, ஆணியில் சாவியும் இருந்தது, பக்கத்தில் சின்னவரும் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, இனிமே வண்டிய நீங்களே வச்சுக்கோங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

சின்னவர் வேலிக் கம்பியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "ஒண்ணும் ஆகல. உங்ககிட்ட இருந்தா வண்டிக்கு நல்லது."

இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாம் அன்றைக்கே தீர்ந்திருக்கும். ஆனால் பெரியவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கடையில் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தைக்கு இவ்வளவு முறுக்கா என்று நினைத்தார். "சரி, உங்க இஷ்டம். ஆனா கணக்கு நியாயமா இருக்கணும். வண்டி எனக்குன்னா டிரெய்லர் உங்களுக்கு" என்றார். சின்னவர் தலையை ஆட்டினார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. கூட்டாக வாங்கிய ஸ்பேனர் பெட்டியைத் திறந்து, ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று பிரித்து வைத்தார். அக்காளும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். நல்ல மனநிலையில் இருக்கிற யாரும் ஸ்பேனர் பெட்டியைப் பங்கு பிரிக்கமாட்டார்கள். பன்னிரண்டாம் நம்பர் இங்கே என்றால் பதின்மூன்று அங்கே. எந்த வேலை செய்தாலும் பாதியில் நிற்கும்படியாக இரண்டு அரைப் பெட்டிகள் தயாராயின.

மறுநாள் பெரியவர் கேட்டைச் சரிசெய்தார். பல வருஷமாகச் சாய்ந்து கிடந்ததைக் கீல் மாற்றி, நிமிர்த்தி, தன் பக்கத்தில் ஒரு தாழ்ப்பாளும் வைத்து, அந்தக் கேட் பிறந்ததிலிருந்து முதல்முறையாக இறுக்கச் சாத்தினார். அவர் செய்த ரிப்பேர்களிலேயே கச்சிதமாக அமைந்தது அதுதான்.

"ரொம்ப நல்லாருக்கு" என்றாள் அக்கா. சொன்ன விதத்தில் பெரியவருக்குக் காபி கசந்தது.

பெண்கள் இருவரும் இந்தச் சண்டையில் சேரவில்லை. வேலிக்கு இப்புறமும் அப்புறமும் நின்று, முன்பைவிட அதிகமாகவே பேசினார்கள். கிண்ணங்கள் வேலிக்கு மேலாகப் போய் வந்தன. ஆண்கள்தான் ஒருவர் வெளியே வந்தால் மற்றவர் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

இப்படியே மூன்று நாலு வாரம் போயிற்று. அந்தச் சமயம் பார்த்து பெரியவர் வீட்டுப் பின்கட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்தது. சமையலறையை ஒட்டி, விறகடுப்பு இருந்த சார்ப்பு அது. தகரம் துருப்பிடித்து, சல்லடையாகக் கிடந்தது. ஒரு நல்ல மழை வந்தால் அடுப்புக்குக் குடை பிடித்துச் சமைக்கவேண்டியதுதான். புதுத் தகரம் வாங்கிவர டிராக்டர் இருந்தது, டிரெய்லர் இல்லை. பழைய தகரத்தையாவது கழற்றி வைப்போம் என்று ஏணி போட்டு ஏறினால், அத்தனை நட்டும் பதின்மூன்றாம் நம்பர். எதற்கும் பொருந்துகிற திருகு ஸ்பேனரை வைத்துப் பலங்கொண்ட மட்டும் திருகினார். நட்டின் முனைகள் மழுங்கி உருண்டையானதுதான் மிச்சம்.

"தங்கச்சி வீட்டுல பதின்மூணு இருக்கும்" என்று கீழேயிருந்து அக்கா சொன்னாள்.

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சு என்ன, மேலயே உட்கார்ந்திருங்க."

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. வயலில் பாதி உழுதுகொண்டிருக்கும்போது வண்டியின் ஆயில் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தது. இன்ஜினுக்குள்ளே யாரோ கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். பெரியவர் சட்டென்று அணைத்தார். மூடியைத் தூக்கிக் கம்பியை உருவினார். மேல்கோட்டிலும் ஆயில் இல்லை, கீழ்கோட்டிலும் இல்லை. நுனியில் பேருக்கு ஒரு கறுப்புப் பொட்டு. வண்டி தன் கைக்கு முழுசாக வந்தபிறகு அவர் ஒருநாளும் மட்டம் பார்க்கவில்லை. குடிக்காத வண்டிக்கு எதற்குப் பார்ப்பது.

வண்டிக்கு அடியில் படுத்துப் புரண்டு பார்த்தார். எங்கேயும் ஒழுக்கு இல்லை. அப்படியானால் ஆயில் எங்கே போயிற்று? கடைசியாக வண்டியை ஒப்படைத்தது யார்? பெரியவர் மனசு போகக்கூடாத பக்கம் போயிற்று. மனஸ்தாபத்தில் கொடுத்தவர்தானே, எதையாவது தளர்த்திவிட்டுக் கொடுத்திருப்பாரோ. அந்த நினைப்பு வந்ததும் அவருக்கே ஒரு கணம் கூச்சமாக இருந்தது. ஆனால் கோபத்துக்கு முன்னால் கூச்சம் எந்த மூலைக்கு. வண்டியை வயலிலேயே விட்டுவிட்டு, கம்பியைக் கையில் பிடித்தபடி வீட்டைப் பார்த்து நடந்தார்.

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு கேட்காம விடமாட்டேன்" என்றார் கொல்லையில் நின்று.

அக்கா கம்பியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "தாராளமா கேளுங்க. தாழ்ப்பாள் நம்ம பக்கம்தான் இருக்கு."

கேட் சத்தமே இல்லாமல் திறந்தது. அவ்வளவு நல்ல ரிப்பேர். உள்ளே கொழுந்தியாள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குழாய் ஒன்று, கழுத்தில் துணி சுற்றியும் அடங்காமல் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. வாஷர் போய்விட்டது என்று பார்த்ததுமே பெரியவருக்குத் தெரிந்தது. கை தானாக ஒருமுறை அந்தப் பக்கம் போய்த் திரும்பியது.

"வாங்க மாமா" என்றாள் அவள், நேற்றும் வந்துபோனவரை வரவேற்பதுபோல. "என்ன, கையில கம்பியோட?"

"எங்க உன் வீட்டுக்காரர்? வண்டியில ஆயில் சுத்தமா இல்ல. ஒரு சொட்டு குடிக்காத வண்டி. எப்படிக் காலியாகும்?"

அவள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாள். "ஒரு சொட்டு குடிக்காதா? என்ன மாமா சொல்றீங்க? பின்ன இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு நினைச்சீங்க?"

அவள் கை காட்டிய இடத்தில் அவளுடைய செடிகள் இருந்தன. வேலியோரம் முழுக்க, கொல்லைச் சுவரோரம் முழுக்க, கிணற்றைச் சுற்றி. செம்பருத்தி, ரோஜா, சாமந்தி. ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் கேனில் நின்றது. எல்லாம் மேல்பாதி வெட்டப்பட்ட மஞ்சள் கேன்கள். டிராக்டர் ஆயில் வருகிற கேன்கள். பெரியவர் அவற்றை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். அவற்றுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். "மண்சட்டி வாங்கக்கூட மனசு வராதா உனக்கு" என்று கேலிகூடப் பேசியிருக்கிறார். ஒரே ஒரு தடவைகூட, இத்தனை கேன் ஆயிலும் எங்கே போயிற்று என்று அவருக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

"ஒவ்வொரு தடவையும் வண்டிய உங்ககிட்ட விடறதுக்கு முன்னால ஊத்துவாரு. நிறைச்சுத்தான் குடுக்கணும்பாரு" என்றாள் அவள்.

பெரியவர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். குழாய் அவர் தோளில் சொட்டியது.

சத்தம் கேட்டுச் சின்னவர் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். பெரியவர் கையிலிருந்த கம்பியைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"குறைஞ்சிடுச்சா அண்ணே?" என்றார். "நான் கடைசியா ஓட்டின வாரத்துல ஏதாவது கெட்டுப்போச்சா?"

"நீங்க என்ன கெடுத்தீங்க?"

சின்னவர் வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டார். அன்றைக்குப் பெரியவர் அவசரப்படுத்தவில்லை.

"என் கையில இருந்தா அது ஆயில் குடிக்குது அண்ணே. எப்பவும் அப்படித்தான். வாரக் கடைசியில நான் பார்த்தா கீழ்கோட்டுக்கும் கீழ கிடக்கும். உங்க கையில ஒரு சொட்டு குறையாதுன்னு நீங்க சொல்வீங்க. அப்ப நான் ஓட்டுறதுலதானே ஏதோ தப்பு. கியர் மாத்துறதா, வேகமா, என்னன்னு புரியல. கேட்கவும் வெட்கமா இருந்துச்சு. ஊத்தி நிறைச்சுக் குடுத்துடுவேன். அன்னைக்குக் கடையில நீங்க சொன்னீங்க, என் கையில இருந்தா எடைக்குத்தான் போகும்னு. உண்மைதானேன்னு தோணுச்சு. அதான் உங்ககிட்டயே விட்டுட்டேன். வண்டியாவது பிழைக்கட்டும்னு."

பெரியவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வண்டி இரண்டு வாரமும் குடித்திருக்கிறது. அவர் தன் வாரத்தின் முதல் நாள் மட்டும் பார்ப்பார். அது சின்னவர் முந்தின நாள் நிறைத்தது. சின்னவரோ வண்டியை வாங்கியதும் பார்க்கமாட்டார். பெரியவர் கொடுத்ததைத் திறந்து பார்ப்பது, சாப்பாடு போட்டவர் எதிரிலேயே தட்டை முகர்ந்து பார்ப்பதுபோல என்று நினைக்கிற மனுஷன். திருப்பித் தரும்போதுதான் பார்ப்பார். ஆகவே இரண்டு வாரக் குடியும் அவர் கணக்கில் விழுந்தது. இரண்டு வாரப் பெருமையும் பெரியவர் கணக்கில் சேர்ந்தது. ஒருவர் பெருமையிலும் மற்றவர் மரியாதையிலுமாக இருவருமே கோட்டைவிட்டிருந்தார்கள். அதில் ஒருவர் தலை நிமிர்ந்து நடந்தார், ஒருவர் தலை குனிந்து நடந்தார். அதுதான் வித்தியாசம்.

"சகலை, அது என் கையிலயும் குடிக்குது" என்றார் பெரியவர். "நீங்க நிறைச்சுக் குடுத்ததை நான் மறுநாள் பார்த்துட்டு ஊரெல்லாம் பீத்திக்கிட்டிருந்திருக்கேன்."

சின்னவர் மெல்லச் சிரித்தார். "என் மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு சொல்றீங்க."

"இல்லீங்க, நிஜமா. இப்ப காலியாயிருக்கே, பாருங்க."

"அது நான் ஏற்கெனவே கெடுத்து வச்சதால இருக்கும்."

வாழ்நாள் முழுக்கத் தன் கை ராசியை ஊரை நம்பவைத்தவர், இப்போது தன் கையும் மட்டமான கைதான் என்று ஒரே ஒரு ஆளை நம்பவைக்க முடியாமல் விழித்தார். அவ்வளவு நன்றாக நம்பவைத்திருந்தார்.

அன்றைக்கு வேறு வழி தெரியாமல் முதலில் குழாய்க்கு வாஷர் மாற்றினார். மாற்றும்போது சத்தம் போடவில்லை. சின்னவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்பதற்கு முன்பே ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். நம்பர் சரியாகவே இருந்தது.

"இந்த வீட்டுல குழாயத் திறந்தா தண்ணி வருதுன்னா அது உங்களாலதான் அண்ணே" என்றார் சின்னவர். "அதுக்கு முன்னாடி ஆயில் என்ன பெரிசு."

பெரியவர் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார், தேவைக்கு மேலேயே பல தடவை. நிமிர்ந்து பார்த்தால் கண் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தார்.

பிறகு ஒரு யோசனை சொன்னார். மெக்கானிக்கைக் கூப்பிட்டு, சத்தம் போட்ட இன்ஜினைச் சோதிக்கச் சொல்வது. பாதிப்பு இல்லையென்றால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சின்னவரே தன் கையால் மேல்கோடு வரை ஆயில் நிறைப்பது. ரேடியோ வந்து சாட்சியாக நிற்பது. ஒரு வாரம் பெரியவர் மட்டுமே வண்டியைத் தொடுவது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் கம்பியை உருவிப் பார்ப்பது.

"ரேடியோ எதுக்கு?" என்று சின்னவர் கேட்டார்.

"அவர் கடையிலதானே சொன்னேன்."

நல்லவேளை, சரியான சமயத்தில் அணைத்ததால் இன்ஜின் தப்பித்தது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சொன்னபடியே எல்லாம் நடந்தது. சின்னவர் மெதுவாக, மருந்து ஊற்றுகிற மாதிரி ஆயிலை ஊற்றினார். மேல்கோட்டில் நிறுத்தினார். ரேடியோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, "மேல்கோடு, சரியா இருக்கு" என்று ஒலிபரப்பினார்.

அந்த வாரம் மாதிரி ஒரு வாரம் பெரியவருக்கு வந்ததே இல்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஆயிலைக் குடி, நல்லாக் குடி என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார். டிராக்டர் வைத்திருக்கிற யாரும் கேட்காத வரம். நின்றுபோன உழவை முடித்தார். சின்னவர் டிரெய்லரைக் கொடுத்தார்; அதில் தகரம் ஏற்றிவந்தார். பதின்மூன்றாம் நம்பர் வேலிக்கு மேலாக வந்தது. மழைக்கு முன்பே கூரை மாறியது. தங்கை வீட்டுக்கும் சேர்த்து மண் அடித்தார். வண்டி ஒரு சிணுங்கல் இல்லாமல், புகைகூட அதிகம் விடாமல், ராஜா மாதிரி ஓடியது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருஷம் பொய்யாகச் சொன்ன பெருமையை இந்த ஒரு வாரம் பார்த்து மெய்யாக்கித் தொலைத்துவிடுமோ. அப்படி ஆகிவிட்டால் சின்னவர் சாகும்வரை தலை நிமிரமாட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் வண்டிக்கு அடியில் கிடந்தார். ஆயில் இறக்குகிற திருகை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு டம்ளர் இறக்கிவிட்டால் போதும். ஒரு நல்ல காரியத்துக்காகத்தானே.

"என்ன பண்றீங்க அங்க?" என்று அக்கா குனிந்து கேட்டாள்.

"சும்மா."

"அந்தத் திருகோட ஸ்பேனர் தங்கச்சி வீட்டுல இருக்கு" என்றாள் அவள். "போய்க் கேட்டு வாங்கிட்டு வரவா? எதுக்குன்னு அவர்கிட்ட நானே சொல்லிடறேன்."

பெரியவர் வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டார். ஸ்பேனர் கையில் இருந்திருந்தால் திறந்திருப்பாரா என்று கேட்டால், திறந்திருக்கமாட்டார் என்றுதான் சொல்லவேண்டும். சத்தியம் செய்ய யாரும் தயாராக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றது. ரேடியோ கண்ணாடியோடு வந்தார். கூட, அன்றைக்குக் கடையில் சிரித்தவர்களில் சிலரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அக்காளும் தங்கையும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நீங்க எடுங்க சகலை" என்றார் பெரியவர்.

சின்னவர் தயங்கினார். பெரியவர் ஒப்படைத்த வண்டியை அவர் எதிரிலேயே திறந்து பார்க்க, இத்தனை வருஷத்தில் அவர் கை ஒருதடவைகூட நீண்டதில்லை.

"எடுங்க. இனிமே வாங்கினதும் பார்க்கணும். என் முன்னாலயே பார்க்கணும்."

சின்னவர் கம்பியை உருவினார். துடைத்தார். மறுபடி விட்டு எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பெரியவர் அவர் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தார்.

"மேல்கோட்டுல இல்ல" என்றார் சின்னவர். "கீழ்கோட்டுக்குக் கிட்ட போயிருக்கு அண்ணே."

பெரியவர் கம்பியை வாங்கிப் பார்த்தார். அப்படியொரு சந்தோஷம் அவர் முகத்தில் வந்து யாரும் பார்த்ததில்லை. அந்த வண்டியை வாங்கிய அன்றைக்குக்கூட. "குடிச்சிருக்கு" என்றார். தெரு முழுக்கக் கேட்டது. "என் கையில நல்லாக் குடிச்சிருக்கு."

ரேடியோ தலையைச் சொறிந்தார். "ஒரு சொட்டு குடிக்காதுன்னு சொன்னீங்களே?"

"குடிக்கும். வாங்கினதுலேருந்து குடிக்குது. இவர் சத்தமில்லாம ஊத்தினார், நான் பேர் வாங்கினேன். இதை உங்க கடையில வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க. இவரு இல்லேன்னா எப்பவோ எடைக்குப் போட்டிருப்போம்."

யாரும் சிரிக்கவில்லை. சின்னவர் வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டார். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"அப்ப நான் நல்லாத்தான் ஓட்டுறேனா அண்ணே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அவர் எத்தனை காலமாகத் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்திருப்பார் என்று பெரியவர் நினைத்துப் பார்த்தார். பேச்சுக்குப் பஞ்சமே இல்லாத மனுஷன் அன்றைக்குத்தான் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார்.

"என்னைவிட நல்லா ஓட்டுறீங்க" என்றார். "ரொம்ப நன்றி சகலை."

ஆயில் கேனை இந்தத் தடவை பெரியவர் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தார். சின்னவர் புனலைப் பிடித்துக்கொள்ள, அவர் ஊற்றினார். மேல்கோடு வந்ததை இருவருமே குனிந்து பார்த்தார்கள். காலிக் கேனைக் கொழுந்தியாள் கை நீட்டிக் கேட்டாள்; அக்கா தரமாட்டேன் என்றாள், தனக்கும் ஒரு ரோஜா வைக்கவேண்டும் என்று. பெரியவர் பெட்டியிலிருந்து பன்னிரண்டாம் நம்பரை எடுத்துவந்து, கேட்டிலிருந்த தாழ்ப்பாளைக் கழற்றினார். சின்னவர் இந்த வாரம் தன்னுடைய வாரம் என்று சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்து, கியரைப் போட்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் நேராக ஓட்டிக்கொண்டு போனார்.